ஒன்றரை மடங்கு வேகத்தில் பாவ அறிக்கை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஹாலில், தோசையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே நான் பாவ அறிக்கை செய்துகொண்டிருந்தேன். ஊர்க் கோயில் (எங்கள் பக்கம் தேவாலயத்தை அப்படித்தான் சொல்வோம்) ஆராதனை யூடியூபில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நேரலையாக வந்ததைத் தூங்கி விட்டுவிட்டு, பத்தரை மணிக்கு மேல் எடுத்துப் போட்டிருந்தேன். பதிவு என்றால் ஒரு வசதி உண்டு, வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அறிவிப்புகளைத் தள்ளிவிட்டு, மற்றதை ஒன்றரை மடங்கில் வைத்திருந்தேன். சபை முழுக்க முழங்காலில் நின்று, செய்யத் தகாதவற்றைச் செய்தோம் என்று படபடவெனச் சொல்லிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து வந்த மகள் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். "அப்பா, மன்னிப்பும் இதே ஸ்பீடுலதான் வருமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சிரித்தேன். அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள்; கோயிலுக்கு வா என்று என்னை இழுக்கிற ஆள் இல்லை அவள். கோயிலுக்குப் போனால் மூன்று அத்தைமார் வரிசையாக நின்று கல்யாணம் எப்போது என்று கேட்பார்கள், போனில் பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை என்பது அவள் கட்சி. அதனால்தானோ என்னவோ அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. போதகர் கேட்டிருந்தால் வழக்கமான பேச்சு என்று விட்டிருப்பேன்.

2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு என்று அறிவித்த ஞாயிறு. கோயிலுக்குப் போவது அன்று நின்றதுதான். அந்த வருடம் ஏப்ரல் 12 ஈஸ்டரை எல்லோரையும் போல நாங்களும் கைப்பேசி முன்னால் கொண்டாடினோம். ஊரில் வாலிபர் சங்கத்துப் பையன்கள் கோயிலின் பின்பக்க மேல்மாடத்தில் ஒரு போனைக் கட்டி ஒளிபரப்ப ஆரம்பித்தார்கள், பிறகு நல்ல கேமராவே வந்துவிட்டது. ஊரை விட்டு வந்து இருபது வருடத்துக்கு மேலான எனக்கு அது பெரிய கொடுப்பினையாக இருந்தது. ரெண்டாம் மணி அடிக்கிற ஓசையை தாம்பரத்தில் உட்கார்ந்து கேட்கலாம். தேரி மண்ணும் பனைமரமும் திரையில் தெரியாவிட்டாலும் மணியோசையோடு தானாக வந்துவிடும். செப்டம்பரில் கதவுகள் திறந்தன. பலர் திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை. தாம்பரத்தில் நான் சங்கக் காணிக்கை கட்டுகிற சபை ஒன்று இருக்கிறது, வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான். வண்டி நிறுத்த இடமில்லை, அறிவிப்புகள் நீளம், ஏசி இல்லை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கிடைத்தது. (இப்போது போகிறேன். எல்லா வாரமும் என்று சொன்னால் பொய்.)

ஊருக்குப் போகாததற்குக் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

புதன்கிழமைக் கோயில்

இந்த விஷயத்தில் என்னை முதலில் திணற வைத்தவர் அலுவலகத்தில் பக்கத்து மேஜை நண்பர். 2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டில் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் வழிபாட்டுத் தலங்களை மூடி வைத்திருந்தார்களே, அந்தச் சமயம். அக்டோபர் 14-இல்தான் அது நீங்கியது. முஸ்லிம்களுக்கு வெள்ளி போயிற்று, எங்களுக்கு ஞாயிறு. நான் ஏதோ புலம்பியிருக்கிறேன் போல. அவர் உண்மையான அக்கறையோடு சொன்னார்: "திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் திறந்துதானே இருக்கு? புதன்கிழமை போய்க் கும்பிட்டுட்டு வந்துடுங்களேன்." அவர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை போகும் அம்மன் கோயிலுக்குச் செவ்வாயில் போனார். அம்மன் செவ்வாயிலும் இருந்தாள், தரிசனம் கிடைத்தது.

சரி என்று ஒரு புதன்கிழமை மாலை தாம்பரம் கோயிலுக்குப் போய்ப் பார்த்தேன். விளக்கு போடவில்லை. பாட்டு எண் பலகையில் எப்போதோ பாடிய பாட்டுகளின் எண்கள் இன்னும் மாட்டியிருந்தன. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை ஒரு பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் உட்கார்ந்தேன். அமைதியாக நன்றாகத்தான் இருந்தது. ஜெபம்கூடச் செய்தேன். ஆனால் அது ஆராதனை இல்லை என்று தெரிந்தது. வீட்டில் செய்திருக்கக்கூடிய ஜெபத்தைக் கொஞ்சம் பெரிய கூரைக்குக் கீழே செய்துவிட்டு வந்தேன். கத்தோலிக்க நண்பர்களுக்கு இது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கலாம்; அவர்கள் கோயிலில் நற்கருணை அப்பம் வைத்திருக்கும் பேழை இருக்கிறது, எந்த நாள் போனாலும் அதன் முன் முழங்காலிட முடியும். எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆட்கள் போய்விட்டால் மிச்சம் இருப்பது மண்டபம்தான்.

எங்கள் ஊர்ப் பேச்சிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது, கவனித்ததில்லை. கட்டடத்தைக் கோயில் என்போம், ஆட்களைச் சபை என்போம். கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், சபைக்கு அடிக்க முடியாது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் சபைக்கு வருகிற சொல் எக்ளேசியா. ஊர்க்காரர்களை அழைத்துக் கூட்டுகிற பொதுக்கூட்டத்துக்கு அந்தக் காலத்தில் வழங்கிய சொல்தான் அது. கூடாத கூட்டத்துக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

கிட்டத்தட்ட 155-ஆம் ஆண்டு வாக்கில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்கிறோம் என்று ரோமப் பேரரசருக்கு விளக்கி எழுதினார். நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் இருக்கிறவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள், வேதம் வாசிக்கிறார்கள், தலைவர் பேசுகிறார், ஜெபிக்கிறார்கள், அப்பமும் திராட்சரசமும் பகிர்கிறார்கள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அதற்கடுத்து அவர் சொல்கிற ஒன்றில்தான் நான் நின்றுவிட்டேன்: வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கையில் பங்கு கொடுத்தனுப்பப்படுகிறது. பங்கு அனுப்ப வேண்டுமென்றால் யார் வரவில்லை என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். என் யூடியூப் திரையின் அடியில் 143 பேர் பார்த்ததாக ஓர் எண் இருக்கும். யார் பார்க்கவில்லை என்று அது சொல்லாது. நான் ஒரு வாரம் பார்க்காமல் விட்டால் 142 ஆகும், அவ்வளவுதான்.

304-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் அபிதினா என்ற ஊரைச் சேர்ந்த 49 பேர், பேரரசர் டயோக்ளீஷியனின் தடையை மீறி ஒரு வீட்டில் கூடியதற்காகப் பிடிபட்டார்கள். ஞாயிறு கூடுகை இல்லாமல் எங்களால் முடியாது என்று விசாரணையில் சொன்னார்கள். 2020-இல் இந்தக் கதையை வைத்துக்கொண்டு, அரசு கோயிலைப் பூட்டிவிட்டது, நாமும் சாகத் துணிய வேண்டாமா என்கிற ரீதியில் வாட்ஸ்அப்பில் நிறையச் செய்திகள் சுற்றின. எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர்கள் பணயம் வைத்தது தங்கள் உயிரை. தொற்றுக் காலத்தில் பணயம் வைக்கப்பட்டிருப்பது பக்கத்து பெஞ்சுப் பாட்டியின் உயிர். மூடியது சரிதான். திறந்த பிறகும் நான் வீட்டிலேயே இருந்ததுதான் என் பிரச்சினை.

பீடம் தெரிந்தால் போதுமா

இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு வசனம் தயாராக வைத்திருப்பார்கள், எபிரெயர் 10:25. சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடக் கூடாது. சிறு வயதிலிருந்து இதை வருகைப் பதிவேடு எடுக்கிற குரலில்தான் கேட்டிருக்கிறேன். வசனத்தின் அடுத்த பாதியை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஒருவருக்கொருவர் புத்திசொல்ல வேண்டும் என்று அது முடிகிறது. நம் மொழிபெயர்ப்பில் புத்திசொல்வது என்பது மாமனார் மருமகனுக்குச் செய்கிற காரியம்போல ஒலிக்கிறது. மூலத்தில் இருப்பது தேற்றுவது, தைரியம் சொல்வது என்ற பொருளும் உள்ள சொல். முக்கியமான வார்த்தை 'ஒருவருக்கொருவர்'. பீடத்திலிருந்து கீழே வருவது மட்டும் என்றால் போனில் தாராளமாக வரும். பக்கவாட்டில் போக வேண்டியது எப்படிப் போகும்?

இந்த யோசனையில் இருக்கும்போதுதான் வடக்கன்குளம் நினைவுக்கு வந்தது. திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். குமரி எல்லைக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் 1872-இல் கத்தோலிக்கர்கள் ஒரு கோயில் கட்டினார்கள். நடுவில் பீடம் ஒன்று, அதிலிருந்து கவட்டை போல விரிகிற இரண்டு நீண்ட கூடங்கள். ஒன்றில் ஒரு சாதிப் பிரிவினர், மற்றதில் மற்றவர்கள். இரண்டு பக்கத்தாரும் குருவைப் பார்க்கலாம், பூசை காணலாம், ஆனால் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. நடுவிலிருந்த சுவரை 1910-இல்தான் இடித்தார்கள், அதுவும் பெரிய சண்டைக்கிடையில். எங்கள் புராட்டஸ்டண்ட் பக்கம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெளிநடப்பு செய்தவர்கள் பலர். சேர்ந்து உட்கார்வதும், ஒரே பாத்திரத்தில் வாய் வைப்பதும்தான் அவர்களுக்குக் கசந்தது. உபதேசத்தில் ஒரு வரியைக்கூட அவர்கள் மறுக்கவில்லை.

வடக்கன்குளத்துச் சுவரைக் கட்டியவர்கள் புத்திசாலிகள் என்று எனக்குத் தோன்றும். பீடத்தை அவர்கள் யாருக்கும் மறைக்கவில்லை. பிரசங்கம் எல்லோருக்கும் கேட்டது, அப்பம் எல்லோருக்கும் கிடைத்தது. கிறிஸ்தவனுக்கு வழிபாட்டில் கிடைக்க வேண்டியது இவ்வளவுதான் என்றால் அந்தச் சுவரில் குற்றமே இல்லை. கழித்துக்கட்டியது ஒன்றே ஒன்றைத்தான்: பிடிக்காத ஆளின் முகம். அன்று தோசைத் தட்டோடு உட்கார்ந்து யோசித்தபோது, தாம்பரத்தில் பத்தாயிரம் ரூபாய் போனில் நான் கட்டி வைத்திருப்பது அந்த டிசைன் கோயிலைத்தான் என்று பட்டது. பீடம் தெரிகிறது, பிரசங்கம் கேட்கிறது, காணிக்கை ஜிபேயில் போகிறது. எனக்குப் பிடிக்காத ஒருவர் அந்தக் கோயிலில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கேமரா பின்னாலிருந்து எடுப்பதால் அவர் முகம் தெரியாது, பின்மண்டை மட்டும் தெரியும்.

அவர் என் பெரியப்பா மகன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், கூப்பிட்ட காலத்தில். தாத்தாவின் தோட்டத்துக் கிணற்றில் பங்கு, அதற்குப் போகிற பாதை, இவ்வளவுதான் விவகாரம். 2017-இல் கோர்ட்டுக்குப் போனது. அதன் பிறகு பேச்சு இல்லை. பெரியம்மா படுக்கையாக அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார், அதனால் அவரைப் போய்ப் பார்க்கவும் இல்லை. அவரும் ஆராதனையைப் போனில்தான் பார்க்கிறார். மாதம் ஒருமுறை ஐயர் (ஊரில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) வீட்டுக்கு வந்து திருவிருந்து, அதாவது அந்த அப்பமும் ரசமும், கொடுத்துவிட்டுப் போவார் என்று கேள்வி. எனக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே ஒளிபரப்பு. அவருக்கு எழுந்து நடக்க முடியாது. எனக்கு என்ன?

புதிய ஏற்பாட்டில் ஒரு பக்கம்கூட வராத சின்ன நிருபம் ஒன்று, இரண்டாம் யோவான். எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனதில்லை, வந்து முகமுகமாய்ப் பேசலாம் என்றிருக்கிறேன் என்று சொல்லி முடித்துவிடுகிறார். அந்தக் காலத்தின் தொழில்நுட்பம் அது, காகிதமும் மையும். அதை அவர் பழிக்கவில்லை, அதை வைத்துத்தான் அந்த வரியையே எழுதுகிறார். முகமுகமாய் என்ற வார்த்தை மட்டும் எனக்கு நெருஞ்சி முள்ளாக இருந்தது.

மூன்றாவது பெஞ்சு

2023-இல் ஊர்க் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் போனேன். பெரிய மனமாற்றம் எதுவும் இல்லை. மனைவி வழியில் ஒரு கல்யாணம் நாசரேத்தில், மறுநாள் பண்டிகை, அசனம் என்கிற பந்திச் சாப்பாடும் உண்டு. கறிச்சோற்றுக்காகப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் போய் மேல்மாடத்துக்குக் கீழே நின்றுகொள்ளலாம் என்பது திட்டம். ரெண்டாம் மணி அடித்த பிறகுதான் நுழைந்தேன். வாசலில் கோயில்பிள்ளை. "வாங்க, எப்பம் வந்தீய?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்காமல் முன்னால் நடந்தார். கோயில் நிரம்பி வழிந்தது. அவர் பின்னால் போவதைத் தவிர வழியில்லை. ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் அண்ணன். கோயில்பிள்ளைக்கு விவகாரம் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. எங்கள் ஊரில் அவருக்குத் தெரியாத பாகப்பிரிவினை கிடையாது.

முக்கால் மணி நேரம் இருவரும் நேரே பார்த்துக்கொண்டிருந்தோம். பாமாலைப் புத்தகம் என்னிடம் இல்லை, அவரிடம் இருந்தது. அவர் அதை என் பக்கம் நகர்த்தவும் இல்லை, தன் பக்கம் இழுக்கவும் இல்லை. நான் தெரிந்த அடிகளை மட்டும் பாடினேன்.

திருவிருந்து முறைமையில் சமாதானம் கொடுக்கிற இடம் வந்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு, 1950-இல் வந்த திருவிருந்து முறையில் இதைச் சேர்த்தார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றாகிறபோது, கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்த ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். பீடத்தில் ஆரம்பித்து பெஞ்சு பெஞ்சாகக் கை மாறி வரும். கொடுப்பவர் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையில் வைப்பார். இருவரும் இடக்கையால் அடுத்தவர் கையை மூடிக்கொள்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு பல சபைகளில் கைகூப்பி வணங்குவதோடு சரி. எங்கள் ஊரில் பழையபடி ஆக்கிவிட்டிருந்தார்கள். இது காணிக்கைக்கு முன்னால் வருவதற்கும் காரணம் உண்டு. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவருகிற இடத்தில், உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு நற்செய்தி. ஜிபேயில் காணிக்கை போட்ட மூன்று வருடத்தில் எனக்கு அப்படி எதுவும் நினைவுக்கு வந்ததில்லை. ரகசிய எண் ஒன்றுதான் நினைவுக்கு வர வேண்டியிருந்தது.

எங்கள் பெஞ்சுக்கு அது அந்தக் கோடியிலிருந்து வந்தது. அண்ணனுக்கு முன்னால் நான்கு பேர். வாங்கி, திரும்பி, கொடுத்து, வாங்கி, திரும்பி, கொடுத்து. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் என்னைத் தாண்டி அந்தப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அப்படி நடக்காதா என்று ஆசைப்பட்டேன், அப்புறம் அதை வைத்து இன்னும் ஆறு வருடம் கோபமாக இருக்கலாம். அண்ணன் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, கையை நீட்டினார். நானும் கையைத்தான் பார்த்தேன். வலது கட்டைவிரலில் நகம் இல்லை. ஆறிய புண், தோல் இளஞ்சிவப்பாக மினுங்கியது. கை மேல் கை வைத்தோம். சொல்ல வேண்டிய வார்த்தையை அவர் வாய்க்குள்ளேயே சொன்னார், நானும் அப்படித்தான். என் இடக்கை அந்த விரலை மூடும்போது கொஞ்சம் தயங்கியது, வலிக்குமோ என்று. பிறகு திரும்பி என் வலப்பக்கத்திலிருந்த பத்து வயசுப் பையனுக்குக் கொடுத்தேன். அவன் கை ஈரமாக இருந்தது.

மனம் உருகியதா, கண்ணீர் வந்ததா என்று கேட்டால் இல்லை. வழக்கு இன்னும் இருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு இரண்டு வக்கீல்களும் தேதி வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த விரலைத் தாம்பரத்திலிருந்து நான் பார்த்திருக்க முடியாது. மூன்று வருடமாக ஞாயிறுதோறும் அவர் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டு, அதன் மேல் எனக்கு வேண்டிய முகத்தை வரைந்து வைத்திருந்தேன்.

ஆராதனை முடிந்து அசனப் பந்தி. ஓலைப்பெட்டியில் சோறு, வாளியில் ஆட்டுக்கறிக் குழம்பு, அதே கூச்சல், அதே வியர்வை. மூன்று அத்தைமார் வந்து மகளுக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். கை கழுவப் போகும்போது அண்ணன் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார், பெரியம்மாவுக்கு வாங்க. தாண்டித்தான் போக வேண்டும்.

"கையில என்ன?" என்றேன்.

"மோட்டார் பெல்ட்டுல மாட்டிக்கிட்டு. நகம் போயிட்டு."

எந்த மோட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று இரவு செந்தூர் எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி தாண்டியதும் போன் வந்தது. பெரியம்மா. யாரோ எண்ணைப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும், அவருக்குத் தனியாகப் போடத் தெரியாது.

"எய்யா, இன்னைக்கு உன்னப் பாத்தேன்."

"எப்படிப் பெரியம்மா? முதுகுதானே தெரியும்?"

"முதுகு தெரியாதாக்கும் எனக்கு. மூணாவது பெஞ்சுல ரெண்டு பொடதி ஒண்ணுபோல இருந்துது. உங்க தாத்தா பொடதி. எது எவம்னு கொஞ்ச நேரம் எனக்கே தெரியல. அப்புறம் கை கொடுக்கையில திரும்பினியல்லா, அப்பம்தான் தெரிஞ்சுது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தரம் மூணாவது பெஞ்சு என்றார். பிறகு, அசனத்துக் குழம்பில் இந்தத் தடவை உப்பு கூடிவிட்டது, யார் சமையல் என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.